பதினொரு மாடி நேர்த்தி

சிங்கப்பூருக்குப் போய்வந்தவர்கள் எல்லோரும் அதன் கட்டடங்களைப் பற்றித்தான் பேசுகிறார்கள். கடலோரத்தில் கண்ணாடிக் கோபுரங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதையும், லிப்ட் ஏறிய வேகத்தில் காது அடைத்துப்போனதையும் சொல்லிச் சொல்லி அலுப்பதில்லை அவர்களுக்கு. எனக்குக் காது அடைக்கவில்லை. கால்தான் கடுத்தது. ஒன்பது வயதில் அந்த நகரத்தை நான் படிக்கட்டு வழியாகப் பார்த்தவள். காலையில் பதினொரு மாடியும் மாலையில் நாற்பது மாடியுமாக ஒரே நாளில் ஐம்பத்தொரு மாடி ஏறியிருக்கிறேன். இன்றைக்கும் லண்டனில் என் அலுவலகத்தில் லிப்ட் பழுதென்றால் மற்றவர்கள் முணுமுணுப்பார்கள், நான் மட்டும் மூக்கு விடைக்க நடந்து ஏறுவேன்.

இத்தனைக்கும் காரணம் என் மாமா, அம்மாவின் ஒரே தம்பி. லண்டன் பிளேஸ்டோவில் எங்கள் வீட்டு முன்னறையில் குடியிருந்தார். அவருடைய அறைக் கதவு பகலானாலும் இரவானாலும் திறந்துதான் இருக்கும். தை மாதக் குளிரிலும் அப்படித்தான். வீட்டுச் சூடெல்லாம் அந்த வழியாகப் போகிறது என்று அப்பா சத்தம் போடுவார். மாமா தலையை ஆட்டுவார், எழுந்துபோய்க் கதவைச் சாத்துவார், ஐந்து நிமிடத்தில் அது மறுபடி திறந்திருக்கும். வேலை அப்டன் பார்க்கில் ஒரு மரக்கறிக் கடையில். உள்ளே ஹீட்டருக்குப் பக்கத்தில் நின்று கல்லாவைப் பார்க்கச் சொன்னாலும் கேட்காமல், வெளியே நடைபாதையில் அடுக்கிய வெண்டிக்காய்ப் பெட்டிகளோடு கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு நிற்பார். ரெயிலில் ஏறினால், அது வெளிச்சத்தில் ஓடும்வரை எனக்குக் கதை சொல்லிக்கொண்டு வருவார். நிலத்துக்குள் இறங்குவதற்கு முந்திய நிலையத்தில் கதையைப் பாதியில் விட்டுவிட்டு இறங்கி, மிச்சத் தூரத்துக்கு பஸ் பிடிப்பார்.

லிப்டில் மட்டும் அவர் ஏறவே மாட்டார். உயரமென்றால் அவனுக்குப் பயம் என்று அம்மா சொல்லிவைத்திருந்தார். நானும் அதை அப்படியே நம்பியிருந்தேன்.

இந்தப் பயத்தால் அவருடைய கலியாணமே ஒருமுறை குழம்பியது. லண்டனின் மறுகரையில் சட்டனில், அப்போது பேசிய பெண்ணின் அண்ணன் ஒருவர் ஒன்பதாம் மாடியில் இருந்தார். மாப்பிள்ளையைச் சாப்பாட்டுக்கு வரச் சொன்னார்கள். மாமா இரண்டரை மணித்தியாலம் பஸ் மாறி மாறிப் போனார். கட்டடத்துப் படிக்கட்டுக் கதவு பூட்டியிருந்ததால் கீழே நின்றுகொண்டு, நீங்கள் இறங்கி வாருங்கள், ஏதாவது கடையில் சாப்பிடுவோம் என்று போன் செய்தார். கோழிக்கறியும் புட்டும் ஆக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தவர்களுக்கு எப்படி இருக்கும்! மாப்பிள்ளைக்குத் தலைக்கனம் என்றார்கள், சம்பந்தம் அதோடு போயிற்று. அதற்குப் பிறகு இன்னும் இரண்டு கலியாணப் பேச்சுக்கால் வந்து கலைந்தன. மாமாவுக்கு முப்பத்தேழு வயதானது. இவனை இப்படியே விட்டுவிட்டுக் கண்ணை மூடமாட்டேன் என்று அம்மா அடிக்கடி சொல்வார். அப்போது அவருக்கே நாற்பத்தொரு வயதுதான்.

அப்படியிருக்கும்போதுதான் யாழ்ப்பாணத்திலிருந்து இந்தச் சம்பந்தம் வந்தது. பெண்ணின் அப்பா கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். நெற்றி நிறைய விபூதி பூசுகிறவர். மகளைக் கேட்டு வந்த மூன்று பேரை ஒரே மாதத்தில் வேண்டாமென்று திருப்பி அனுப்பியவர் என்று பெயர். மாமாவிடம் இருந்தது அகதிப் பயணப் பத்திரம். உலகத்தில் எந்த நாட்டுக்கும் அதைக் கொண்டு போகலாம், பிறந்த நாட்டுக்கு மட்டும் போக முடியாது. ஆகவே எங்கள் ஆட்களில் பலர் செய்ததுபோல, இரண்டு பகுதியும் மூன்றாவது நாடொன்றில் சந்தித்துத் தாலி கட்டுவது என்று முடிவாயிற்று. ஊரிலிருந்து வருவதற்குச் சிங்கப்பூர்தான் சுகம் என்றார்கள்.

ஒழுங்குகள் எல்லாம் போனில் நடந்தன. மண்டபத்தில் எத்தனை பேர் இருக்கலாம், சமையல் சுத்த சைவமா, மணவறை யார் ஜோடிக்கிறார்கள் என்று அம்மா துருவித் துருவிக் கேட்டார். எத்தனையாம் மாடி என்று மட்டும் கேட்கவில்லை. கலியாண மண்டபம் என்றால் அது நிலத்தில் இருக்கும் என்பது எங்கள் அம்மாவின் நம்பிக்கை.

அப்பாவுக்கு லீவு கிடைக்காததால் அம்மா, மாமா, நான் மூன்று பேரும் புறப்பட்டோம். விமானம் ஏறுமுன் டொக்டர் கொடுத்த குளிசையை மாமா போட்டார். இருக்கைப் பட்டியைக் கட்டியவர் பதின்மூன்று மணித்தியாலம் வாயைத் திறந்தபடி தூங்கினார். நடுவில் பணிப்பெண் வந்து ஆள் உயிரோடுதான் இருக்கிறாரா என்பதுபோலக் குனிந்து பார்த்துவிட்டுப் போனாள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அவருடைய இனிப்புத் துண்டும் எனக்கே கிடைத்ததால் நான் ஒன்றும் சொல்லவில்லை.

செரங்கூன் சாலைப் பக்கம் ஒரு ஹோட்டல். எங்கள் அறை இரண்டாம் மாடியில் இருந்தது. மாமா பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு படியேறினார். அதுவரை எல்லாம் நல்லபடி. கலியாணத்துக்கு முதல்நாள் பத்து மணிக்குப் பெண் வீட்டார் இருபது பேருக்கு மேல் ஹோட்டல் வாசலில் வந்து இறங்கினார்கள். மாமாவும் அவர் கட்டப்போகிற பெண்ணும் நேரில் பார்த்துக்கொண்டது அன்றைக்குத்தான். அதுவரை படமும் போனும்தான். பெண் மாம்பழ மஞ்சளில் சேலை கட்டியிருந்தார். மாமா எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார். இருவரும் ஒரே நேரத்தில் குனிந்து தரையைப் பார்த்தார்கள். எல்லோரும் சிரித்தோம்.

பெண்ணின் சின்னம்மா, வாருங்கள் மண்டபத்தைப் பார்த்துவிட்டு வருவோம், இந்த ஹோட்டலிலேயே பதினோராம் மாடி, அங்கே நின்றால் முழுச் சிங்கப்பூரும் தெரியுமாம் என்றார். அம்மாவின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அதற்குள் லிப்ட் வந்து கதவு திறந்தது.

பெண்ணின் அப்பா பக்கத்தில் நின்று ஒவ்வொருவராக உள்ளே ஏற்றினார். பெண்கள் ஏறினார்கள், கலியாணப் பெண்ணும் ஏறினார். பிறகு அவர் மாமாவைப் பார்த்துக் கையைக் காட்டினார். மாமா ஒரு காலை உள்ளே வைத்தார். மற்றக் கால் வரவில்லை. கதவு மூட வந்து அவருடைய தோளில் பட்டு மறுபடி திறந்தது. இன்னொரு முறையும் அப்படியே வந்து, பட்டு, திறந்தது. மாமாவின் சட்டைக் கழுத்து நனைந்து போனதை நான் கீழேயிருந்து பார்த்தேன். அவர் வைத்த காலைப் பின்னுக்கு எடுத்துவிட்டார்.

"மாப்பிளைக்கு என்ன, தலைச்சுத்தோ?" என்றார் சின்னம்மா.

அவ்வளவுதான். ஒரு நொடியில் இருபது பேரின் பார்வையும் மாறியது. மாப்பிள்ளை நோய் வருத்தக்காரனோ, மறைத்துக் கட்டிவைக்கப் பார்க்கிறார்களோ என்ற கேள்வி ஒவ்வொரு முகத்திலும் ஏறுவது ஒன்பது வயதுப் பிள்ளைக்கே தெரிந்தது. சட்டன் எனக்கு நினைவு வந்தது. அம்மாவின் கையைப் பிடித்தேன்.

அப்போதுதான் எங்கள் அம்மா, பென்சில் தொலைந்ததற்கு நான் சொன்ன ஒரு சின்னப் பொய்க்காக என்னை ஒருநாள் முழுக்கச் சுவர் பார்த்து நிற்கவைத்த அம்மா, கொஞ்சமும் தடுமாறாமல் வாயைத் திறந்தார்.

"தம்பிக்கு ஒரு நேர்த்தி இருக்கு. இந்தக் கலியாணம் சரிவந்தால், தாலி கட்டுற வரைக்கும் லிப்டிலை ஏறமாட்டன், எந்த உயரமெண்டாலும் படியாலை நடந்துதான் போவன் எண்டு முருகனுக்கு நேர்ந்தவர். நான்தான் சொல்ல மறந்துபோனன்."

மாமா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அப்படி ஒரு நேர்த்தி இருப்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

எங்கள் ஆட்களிடம் டொக்டரின் கடிதத்தைக் காட்டினால் நாலு கேள்வி கேட்பார்கள். நேர்த்தி என்று சொன்னால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். ஆனால் பெண்ணின் அப்பா மாமாவை மேலிருந்து கீழாக நெடுநேரம் பார்த்தார். பொய்யைப் பிடித்துவிட்டார் என்றே நினைத்தேன். லிப்டுக்குள் நின்ற பெண்ணும் மாமாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், முகத்தையல்ல, சட்டை நுனியைக் கசக்கிக்கொண்டிருந்த அவருடைய கையை. பிறகு சேலைக் கொய்யக மடிப்பைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து தன் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றார்.

பெண்ணின் அப்பா தொண்டையைச் செருமினார். "நல்லது. மாப்பிளை நடந்து வர நாங்கள் மெசினிலை ஏறிப்போறது முறையில்லை. நாளைக்கு எல்லாரும் படியாலைதான் ஏறுறம்."

"எல்லாருமோ?" என்றார் சின்னம்மா. அவர் கொஞ்சம் பருத்த உடம்புக்காரர்.

"ஓம். எல்லாரும்தான்."

அறைக்கு வந்ததும் அம்மா கட்டிலில் குந்தி ஒரு போத்தல் தண்ணீரை முழுதாகக் குடித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, நேர்த்தியைப் பற்றி யார் கேட்டாலும் தெரியாது என்று சொல்லவேண்டும், ஓமென்றும் சொல்லக்கூடாது, இல்லையென்றும் சொல்லக்கூடாது என்றார். மாமாவின் கலியாணம் என்னுடைய வாயில் இருக்கிறது என்று எனக்கு விளங்கியது. அன்று பின்னேரம் முழுவதும் நான் யாரோடும் பேசவில்லை. பிள்ளை நல்ல அடக்கம் என்று பெண் வீட்டார் புகழ்ந்தார்களாம்.

மறுநாள் காலை நடந்த ஊர்வலத்தைப்போல ஒன்றை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை. எங்கள் வழக்கப்படி பெண்ணின் தம்பி தோழனாக நின்று மாப்பிள்ளையின் காலைக் கழுவி வரவேற்க வேண்டும், பதிலுக்கு மாப்பிள்ளை அவர் விரலில் மோதிரம் போட வேண்டும். அது படிக்கட்டு அடியில், தீயணைப்புக் குழாய்க்குப் பக்கத்தில் நடந்தது. மாமா பட்டுவேட்டியும் தலைப்பாகையுமாக நின்றார். நாதஸ்வரக்காரரும் தவில்காரரும் தமிழ்நாட்டுக்காரர்கள். தவில்காரர் படிகளை அண்ணாந்து பார்த்தார். "பதினோரு மாடியா? என்னங்க இது, திருப்பதிக்கா போறோம்?" என்றார். இருந்தாலும் தோளில் வாரை மாட்டிக்கொண்டு முதலாவது ஆளாக ஏறினார்.

ஏறிக்கொண்டே ஊத முடியாது என்பதால் நாதஸ்வரக்காரர் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கி ஊதினார். படிக்கட்டுச் சுவரில் மோதி அந்தச் சத்தம் மேலும் கீழும் நிறைந்தது. ஒவ்வொரு மாடியிலும் கதவைத் திறந்துகொண்டு வெள்ளைக்காரர்களும் சீனர்களும் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் பல் துலக்கிக்கொண்டிருந்த தூரிகையோடு வந்து நின்றார். என் கையில் பன்னீர்ச் செம்பு. எட்டிப் பார்த்தவர்கள் எல்லோருக்கும் நான் தெளித்தேன், பல் துலக்கியவருக்கு இரண்டு தரம்.

திருப்பத்துக்குத் திருப்பம் கண்ணாடியில்லாத பெரிய ஜன்னல் இருந்தது. ஒரே படிக்கட்டில் சிங்கப்பூர் எனக்குத் தவணை தவணையாகக் கிடைத்தது. மூன்றாம் மாடியில் கடைக் கூரைகளும் கம்பியில் காய்ந்த உடுப்புகளும்தான் தெரிந்தன. ஆறாம் மாடியில் ஒரு கோயில் கோபுரத்தின் பொம்மைகள் எனக்கு நேரே வந்து நின்றன. எட்டாம் மாடியில் தூரத்துக் கோபுரங்களின் தலைகள் தெரியத் தொடங்கின. ஒவ்வொரு மாடிக்கும் அவை வளர்ந்துகொண்டே போயின. மாமா ஒவ்வொரு ஜன்னலிலும் பாதி உடம்பை வெளியே விட்டு எனக்குக் காட்டினார். "அங்கை பார், வெள்ளிக் கட்டடம் ஒண்டு புதுசா வந்திட்டுது." உயரத்துக்குப் பயந்த மனிதர் இப்படி எட்டிப் பார்ப்பாரா என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. தலைப்பாகை விழுந்துவிடப்போகிறது என்றுதான் பயந்தேன்.

ஆறாம் மாடியில் சின்னம்மா படியில் குந்திவிட்டார். கையில் தட்டத்தோடு, முருகனுக்குக் கண்ணில்லையா என்று கேட்டார். பெண்ணின் அப்பா கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து, இரண்டு படிக்கு ஒருதரம் நின்று ஏறிக்கொண்டிருந்தார். சின்னம்மாவைக் கண்டதும் "அரோகரா!" என்று ஒரு சத்தம் போட்டார். கீழேயிருந்து இருபது குரல் "அரோகரா!" என்றது. சின்னம்மா எழும்பிவிட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாடிக்கும் அரோகராதான். ஒன்பதாம் மாடியில் மேலேயிருந்து ஒரு பொடியன் ஓடிவந்து, முகூர்த்தத்துக்குக் கொஞ்ச நேரம்தான் இருக்கு, ஐயர் சத்தம் போடுறார் என்றான். பெண் விடியவே ஏறி மணவறைக்குப் பக்கத்தில் ஆயத்தமாக இருக்கிறாராம், அவரும் படியால்தான் வந்தாராம்.

கடைசி இரண்டு மாடியையும் ஏறக்குறைய ஓடினோம். நாதஸ்வரக்காரர் நிற்காமலே ஊதினார், சுருதி எங்கெங்கோ போயிற்று. மண்டப வாசலில் மாமாவின் பாதத்தைப் பார்த்தால் கரிச்சட்டி. மணவறைக்கு இந்தக் காலோடு ஏறுவதா என்று ஐயர் கையைக் காட்டினார். தோழன் மறுபடி செம்பை எடுத்துக்கொண்டு குந்தினார்.

"அத்தான், இன்னொரு மோதிரம் கொண்டந்தனீங்களோ?"

மூச்சிரைத்தபடி எல்லோரும் சிரித்த சிரிப்பில் கெட்டிமேளம்கூடச் சரியாகக் கேட்கவில்லை. மாமா தாலியைக் கட்டினார். அம்மா அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. நாங்கள் மூன்றே பேர், இருபது பேரை வென்றுவிட்டோம் என்று உள்ளே ஒரு கொட்டு கொட்டியது. அம்மாவைப்போலப் பொய் சொல்ல உலகத்தில் ஒருவராலும் முடியாது என்று பெருமையாக இருந்தது.

வெற்றி மாலை ஐந்து மணிவரைதான் நிலைத்தது. பின்னணியில் சிங்கப்பூர் முழுதும் நிற்க மாப்பிள்ளையையும் பெண்ணையும் எடுக்கவேண்டும் என்று வீடியோக்காரர் ஒற்றைக்காலில் நின்றார். அவருடைய தங்கை நாற்பது மாடிக் குடியிருப்பு ஒன்றில் இருந்தார். அதன் மொட்டைமாடியில் பூங்கா. எங்களை அங்கே கூட்டிப் போனார். அண்ணாந்து பார்த்தேன், கழுத்து நொந்தது. கீழே லிப்ட் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு வீடியோக்காரர் எங்களைக் கூப்பிட்டார்.

மாமா நின்றார்.

"நேர்த்திதான் முடிஞ்சுதே! தாலி கட்டியாச்சு. இனியென்ன, ஏறுங்கோ," என்றார் சின்னம்மா. காலையில் பட்ட பாட்டில் அவருடைய குரலில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது.

தாலி கட்டும்வரை என்று அம்மா தானே வைத்த எல்லையில் தானே மாட்டிக்கொண்டார். மாமாவின் நெற்றியில் வேர்வை துளிர்த்தது. காலையில் பிழைத்த கலியாணம் மாலையில் சிரிப்பாய்ச் சிரிக்கப்போகிறதே என்று பயந்தேன். வயிற்றுக் குத்து என்று சொல்லி விழுந்துவிடுவோமா என்றுகூட யோசித்தேன்.

"சின்னம்மா, எனக்கும் ஒரு நேர்த்தி இருக்கு," என்றார் மாமி. அன்று காலையிலிருந்து அவர் எனக்கு மாமி.

"உனக்கென்ன நேர்த்தி?"

"இந்தக் கட்டடத்தின்ரை உச்சி வரைக்கும் இவரோடை நடந்து ஏறுறன் எண்டு."

"எப்பயடி நேர்ந்தனீ?"

"நேற்று," என்றார் மாமி. குனிந்து செருப்பைக் கழற்றி என் கையில் தந்தார்.

எனக்கு உடம்பு புல்லரித்தது. இப்படியும் ஒரு தற்செயலா! எங்கள் பொய் நேர்த்தி முடிந்த இடத்தில் இவருடைய உண்மையான நேர்த்தி தொடங்குகிறதே! முருகனே முன்னுக்கு வந்து நின்றதாக நினைத்துக்கொண்டேன். பெண்ணின் அப்பா மட்டும் பலமாக இருமினார். "நீங்கள் போயிட்டு வாங்கோ. கட்டடத்தைப் பாக்கிறதெண்டால் கீழை நிண்டுதானே பாக்கோணும்," என்று சொல்லிவிட்டு அங்கே கிடந்த ஒரு வாங்குப் பலகையில் போய் இருந்தார். மற்றவர்கள் லிப்டில் போனார்கள். மாமா, மாமி, நான் மூன்று பேரும் படியில் கால் வைத்தோம்.

மாமி சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு, எதிர்காற்றில் சைக்கிள் உழக்கிப் பழகியவர்போல ஒரே சீராக ஏறினார். வழியில் அவர்கள் பேசிக்கொண்டது எனக்குச் சலிப்பாக இருந்தது. லண்டனில் கறிவேப்பிலை வளருமா என்று மாமி கேட்டார். சட்டியில் வைத்தால் வளரும், குளிருக்கு உள்ளே எடுக்கவேண்டும் என்றார் மாமா. பதினைந்தாம் மாடியில் குந்தித் தண்ணீர் குடித்தோம். இருபத்திரண்டாம் மாடிக்குக் கிட்ட மாமா குரலைத் தாழ்த்தினார்.

"நான் என்ரை அறைக் கதவைச் சாத்துறேல்லை. குளிரும்."

மாமி சேலையை மறுபடி இழுத்துச் செருகினார். "போர்த்துக்கொண்டு படுத்தால் சரிதானே."

புதிதாகக் கலியாணம் கட்டியவர்கள் பேச வேறொன்றும் இல்லையா என்று நான் அலுத்துக்கொண்டு இரண்டிரண்டு படியாகத் தாவினேன். மாமா பின்னால் சத்தம் போட்டுச் சிரிப்பது கேட்டது. அவர் அப்படிச் சிரித்து நான் அதற்குமுன் கேட்டதில்லை.

நாற்பதாம் மாடிக் கதவைத் தள்ளியபோது காற்று எங்களை அப்படியே பின்னுக்குத் தள்ளியது. சூரியன் இறங்கிக்கொண்டிருந்தான். கடலோரக் கோபுரங்கள் எல்லாம் மேற்குப் பக்கம் மட்டும் செம்பாய்ப் பளபளக்க எங்களுக்கு நேரே நின்றன. அவற்றுக்குப் பின்னால் கடலில் கப்பல்கள், எண்ண முடியாத கப்பல்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு கட்டடத்திலும் விளக்குகள் பற்றிக்கொண்டு வந்தன. இவர்கள் முழுக்கப் படியால் ஏறி வந்திருக்கிறார்கள் என்று வீடியோக்காரர் ஆங்கிலத்தில் சொல்ல, அங்கே நின்ற அயலவர்கள் கைதட்டினார்கள். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சுவர் ஓரத்துக்குப் போய், இரண்டு கையையும் விரித்து, சிங்கப்பூர் முழுவதற்கும் கேட்கும்படி "ஊஊ" என்று கூவினார். மாமியும் கூவினார். பட்டுச்சேலை கட்டிய மணப்பெண் கூவலாமா என்பதுபோலச் சின்னம்மா பார்த்தார். நானும் கூவினேன். அந்த வீடியோவில் எங்கள் மூன்று பேருக்கும் வாய்தான் தெரிகிறது.

மாமா ஏன் அப்படி என்று பதினெட்டு வயதில்தான் எனக்குத் தெரியவந்தது. அகதியாக வந்தபோது, ஜெர்மனியிலிருந்து லண்டனுக்கு ஏஜென்டுகள் அவரை ஒரு பெட்டி லொறிக்குள் வைத்து வெளியே பூட்டி அனுப்பியிருக்கிறார்கள். ஒரு பகலும் ஓர் இரவும் இருட்டுக்குள். மூச்சு முட்டத் தொடங்கியபோது உள்ளேயிருந்து கதவைத் தட்டியிருக்கிறார், ஒருவருக்கும் கேட்கவில்லை. உயரம் அவருக்கு என்றைக்கும் ஒரு பொருட்டே இல்லை. அம்மா இதைச் சொல்லிவிட்டு, அன்றைக்கு நான் மட்டும் அந்தப் பொய்யைச் சொல்லாமல் விட்டிருந்தால் இவனுக்குக் கலியாணமே இல்லை என்றார். உண்மைதான் என்று நினைத்தேன்.

மாமாவும் மாமியும் இப்போது சட்டனில் தோட்டத்தோடு ஒரு வீட்டில் இருக்கிறார்கள். போன கோடையில் அங்கே போயிருந்தேன். மாமி கத்தரிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். எனக்கு நெடுநாள் சந்தேகம் ஒன்றைக் கேட்டேன். அந்த நாற்பது மாடி நேர்த்தி எந்தக் கோயிலுக்கு வைத்தது?

மாமி சிரித்த சிரிப்பில் தண்ணீர்க் குழாய் என் காலில் அடித்தது. "ஒரு கோயிலுக்கும் இல்லை. லிப்டுக்கு முன்னாலை அவரின்ரை கையைப் பார்த்தனான். ஷெல்லடிக்குப் பதுங்கிற பங்கருக்குள்ளை இறங்கச் சொல்லேக்கை எங்கடை ஆக்களுக்கு அப்பிடித்தான் கை உடுப்பைக் கசக்கும். உங்கடை அம்மா நேர்த்தி எண்டு சொல்லேக்கையே எனக்குத் தெரியும்."

"அப்ப உங்கடை அப்பாவும் சின்னம்மாவும்? அவை நம்பித்தானே பதினொரு மாடியும் ஏறினவை?"

"சின்னம்மாவுக்கும் தெரியும். அவ சும்மா புறுபுறுப்பா. அப்பாவோ?" மாமி குழாயைக் கீழே போட்டார். "வளவுக்குள்ளை பங்கரை வெட்டினதே அப்பாதான். எங்களையெல்லாம் இறக்கிவிடுவார், தான் மட்டும் ஒருநாளும் இறங்கமாட்டார். ஷெல் விழுந்துகொண்டிருக்கும், அவர் மாமரத்துக்குக் கீழை கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பார். ஏனப்பா எண்டு கேட்டால் என்ன சொல்லுவார் தெரியுமோ? நேர்த்தி எண்டுவார்."

நான் அங்கேயே வரம்பில் இருந்துவிட்டேன். நாங்கள் மூன்று பேர் இருபது பேரை ஏமாற்றிவிட்டோம் என்று இத்தனை வருடமாக மார் தட்டிக்கொண்டிருந்தேன். அவர்களோ தெரிந்துகொண்டே தட்டங்களையும் தூக்கிக்கொண்டு, முழங்கால் நோக, அரோகரா போட்டுப் பதினொரு மாடியும் எங்களோடு ஏறியிருக்கிறார்கள். ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. அந்தப் படிக்கட்டில் ஏமாந்து ஏறியவர்கள் அம்மாவும் நானும்தான்.

இதை இன்னும் நான் அம்மாவிடம் சொல்லவில்லை. கலியாண வீடுகளில் நாலு பேர் கூடினால் அவர் இப்போதும் அந்தக் கதையை எடுக்கிறார். வாய் திறந்து ஒரே ஒரு பொய் சொன்னேன், ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது என்கிறார். நான் பக்கத்தில் இருந்து ஓம் என்கிறேன்.